ரட்கர்ஸ் காலேஜின் 'எண்ட்' ஆட்டக்காரர்

பால் ராப்சன் என்றதும் நம்மில் பலருக்கு அந்தக் கனத்த குரல்தான் நினைவுக்கு வரும். பூபேன் ஹசாரிகாவின் கங்கைப் பாட்டு பிறந்ததே ராப்சன் பாடிய மிசிசிப்பி நதிப் பாட்டைக் கேட்டுத்தான். ஆனால் அந்த மனிதர் முதன்முதலில் பேர் வாங்கியது மேடையில் இல்லை, ஒரு காலேஜ் கிரவுண்டில்!

1898இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஊரில் பிறந்தார். அப்பா அடிமையாக இருந்து தப்பி வந்து பாதிரியார் ஆனவர். 1915இல் போட்டித் தேர்வு எழுதி, ஸ்காலர்ஷிப்பில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் காலேஜில் சேர்ந்தார். அப்போது அங்கே படித்த ஒரே கறுப்பு மாணவர் அவர்தான்.

டீம் செலக்‌ஷனுக்குப் போன முதல் நாளே மூக்கு உடைந்தது, தோள் நழுவியது. அடித்தது எதிர் டீம் இல்லை நண்பர்களே, சொந்தக் காலேஜ் பையன்கள்! படுத்த படுக்கையாகக் கிடந்து, எழுந்து திரும்பப் போனார். இந்தத் தடவை ஒருவன் ஆணி பூட்ஸோடு கையை மிதித்ததில் விரல் நகங்கள் பிய்ந்தன. ஆறடி மூணு அங்குல ஆள், கோபத்தில் ஒருவனை அப்படியே தலைக்கு மேலே தூக்கிவிட்டாராம். கீழே போடுவதற்குள் கோச் சான்ஃபோர்ட் அவரை டீமில் சேர்த்துக்கொண்டதாகக் கத்தினார். இது ராப்சனே பின்னாளில் சொன்ன கதை.

அமெரிக்கன் ஃபுட்பாலில் வரிசையாக நிற்கும் ஏழு பேரில் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்தான் 'எண்ட்'. இப்போது டி.வி.யில் 'டைட் எண்ட்' என்கிறார்களே, அதற்கு மூதாதை. எதிராளியை முட்டித் தள்ளி வழி பண்ணணும், பந்து வந்தால் பிடிச்சுக்கிட்டு ஓடவும் ஓடணும். அந்தக் காலத்தில் அதே ஆள் தடுப்பாட்டத்திலும் நிற்கணும். பலமும் வேகமும் சேர்ந்து அமைவது அபூர்வம். ராப்சனுக்கு அமைந்தது. 1917இல் பெரிய பெரிய முன்னாள் வீரர்கள் நிறைந்த நியூபோர்ட் கடற்படை அணியை ரட்கர்ஸ் 14-0 என்று கவிழ்த்தது. 1918இல் அந்த ஆட்டத்தின் பிதாமகரான வால்ட்டர் கேம்ப் தன் அகில அமெரிக்க அணியில் அவரைச் சேர்த்தார்.

ஆனால் 1916 அக்டோபரில் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. காலேஜுக்கு 150-ஆவது ஆண்டு விழா. எதிரே தெற்கிலிருந்து வந்த வாஷிங்டன் அண்ட் லீ அணி. கறுப்பரோடு ஆடமாட்டோம் என்றார்கள். ரட்கர்ஸ் தலையாட்டியது, ராப்சனை உட்கார வைத்தது. ஆட்டம் 13-13 டிரா. விழா என்னவோ ஜோராக நடந்தது!

இதைக் கேள்விப்பட்டுக் கொதித்தவர் ஒரு முன்னாள் மாணவர். ஜேம்ஸ் டிக்சன் கார், ரட்கர்ஸில் 1892இல் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர், நியூயார்க்கில் வக்கீல். 1919 ஜூனில் காலேஜ் தலைவருக்கே கடிதம் எழுதினார். தான் படித்த காலேஜ் தன் கொள்கையை விட்டுக் கொடுத்து, தன் மாணவனையே அவமானப்படுத்திவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. பழைய மாணவர் என்றால் நன்கொடை கொடுக்கிறவர் மட்டுமா என்ன? அதே மாதம் ராப்சன் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழாவில் பேசி, பட்டத்தோடு வெளியே வந்தார்.

அப்புறம் கொலம்பியாவில் சட்டம். நடுவில் அக்ரன், மில்வாக்கி அணிகளுக்குச் சம்பளத்துக்கு ஆடினார். வக்கீல் ஆபீசில் வெள்ளைக்கார ஸ்டெனோ அவர் சொல்லி எழுதமாட்டேன் என்றதும் சட்டத்தையே விட்டார். நாடகம், பாட்டு, சினிமா என்று உலகமே அறிந்த கதை. 1943இல் பிராட்வேயில் அவர் நடித்த 'ஒத்தெல்லோ' 296 காட்சிகள் ஓடியது.

இனவெறியை எதிர்த்தும் சோவியத்தை ஆதரித்தும் பேசியதால் 1950இல் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். (ஸ்டாலின் கொடுமைகளைப் பற்றி அவர் வெளியே வாய் திறக்காதது எனக்கு உடன்பாடில்லை. அதற்காக ஊரை விட்டே போகவிடாமல் கட்டிப்போடுவதா?) அட்லாண்டிக் கடலடியில் முதல் டெலிபோன் கேபிள் 1956இல் வேலை செய்ய ஆரம்பித்தது. வால்வு போட்ட ரிப்பீட்டர்களைக் கடலுக்குள் இறக்கியிருந்தார்கள். 1957இல் ராப்சன் நியூயார்க்கில் இருந்தபடியே அந்த கேபிள் வழியாக லண்டன் ரசிகர்களுக்கும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் பாடினார். எலக்ட்ரானிக்ஸ் பசங்களே, கவனிங்க! உடம்புக்குத்தான் பாஸ்போர்ட் வேணும், குரலுக்கு வேணாம். 1958இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகுதான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது.

அந்த வருஷங்களில் ஃபுட்பால் ஏடுகளிலிருந்தும் பேரை எடுத்துவிட்டார்கள். ஒரு வரலாற்று நூலில் 1918 அகில அமெரிக்க அணிக்குப் பத்தே பேர்! பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் பத்துப் பேர் அணியை அச்சடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

1976இல் அவர் காலமானார். கல்லூரி ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 1995இல்தான். ரட்கர்ஸில் 1971-ஆம் வருஷத்து செட், தங்கள் ரீயூனியன் பணியாக, கறுப்பின முன்னாள் மாணவர் சங்கத்தோடு சேர்ந்து நிதி திரட்டியது. அவர் பட்டம் வாங்கி நூறு வருஷம் ஆன 2019இல் கேம்பஸில் ராப்சன் சதுக்கம் திறந்தார்கள். எட்டு கறுப்பு கிரானைட் பலகைகளில் அவர் வாழ்க்கை செதுக்கப்பட்டிருக்கிறது.