நடையைத் திருப்பித் தந்த டாக்டர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



நமது ஆண்டு மலரில் எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் என்று யாராவது ஒருவருடைய வாழ்க்கையை எழுதுவது வழக்கம். இந்த வருடம் நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பாலிடெக்னிக் மலரில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். இவர் லேத் ஓட்டத் தெரிந்த டாக்டர்! உராய்வு, டார்க், நெம்புகோல் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறோமே, அந்த மூன்றையும் வைத்து நடக்க முடியாதவர்களை நடக்க வைத்தவர். அவர் பெயர் சர் ஜான் சார்ன்லி.

இங்கிலாந்தில் லங்காஷயர் என்று ஒரு பகுதி. பஞ்சு மில்லும் தறியும் நிறைந்த பூமி. அங்கே பெரி என்ற ஊரில் 1911 ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிறந்தார் சார்ன்லி. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். அம்மா நர்ஸ் படிப்புப் படித்தவர். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து 1935-இல் டாக்டர் ஆனார். அடுத்த வருடமே, 25 வயதில், அறுவை மருத்துவர்களுக்கான எஃப்.ஆர்.சி.எஸ். பட்டமும் வாங்கிவிட்டார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். எகிப்தில் இருந்தபோது ராணுவ ஒர்க்‌ஷாப் ஆட்களோடு சேர்ந்து எலும்பு முறிவுக்கான கருவிகளைச் செய்ய ஆரம்பித்தார். டாக்டர் மூளையும் மெக்கானிக் கையும் ஒன்று சேர்ந்தது அங்கேதான். போர் முடிந்து ஊர் திரும்பியபின் எலும்பு மருத்துவத்தில் பெயர் எடுத்தார். 1950-இல் எலும்பு முறிவு பற்றி அவர் எழுதிய புத்தகம் பல நாட்டு டாக்டர்களுக்குப் பாடப்புத்தகம் ஆனது.

இனி விஷயத்துக்கு வருவோம். நமது இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணம். நடுவில் வழுவழுப்பான குருத்தெலும்பு. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போகும். சார்ன்லிக்கு முன்பே செயற்கை மூட்டு வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஒன்று கழன்றுவிடும், இல்லாவிட்டால் தேய்ந்துவிடும்.

ஒருநாள் சார்ன்லியிடம் ஒரு நோயாளி வந்தார். அவருக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பந்து வைத்திருந்தார்கள். குனியும்போதெல்லாம் மூட்டிலிருந்து கிரீச் கிரீச் என்று சத்தம்! சாப்பாட்டு மேஜையில் மனைவியால் பக்கத்தில் உட்கார முடியவில்லையாம். மற்றவர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள். சார்ன்லி சிரிக்கவில்லை. கிரீஸ் இல்லாத பேரிங் சத்தம் போட்டால் நாம் என்ன நினைப்போமோ, அதையேதான் அவரும் நினைத்தார். உராய்வு அதிகம், அந்த உராய்வுதான் மூட்டைத் தளர்த்துகிறது.

பிறகு விடவில்லை மனிதர். இயற்கையான மூட்டின் உராய்வை அளந்து பார்த்தார். பனிக்கட்டி மேல் வழுக்குவதைவிடக் குறைவாக இருந்தது! அந்த அளவுக்கு வழுக்கும் பொருள் வேண்டும் என்று தேடி, டெஃப்லானைக் கையில் எடுத்தார். கிண்ணம் டெஃப்லான், பந்து உலோகம். எலும்பில் பிடித்து நிற்க, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக்கை சிமெண்டாகப் போட்டார். அது பசை மாதிரி ஒட்டாது. கொத்தனார் இடைவெளியில் கலவை அடைப்பது போல நிரம்பி நின்று, பாரத்தை எலும்பு முழுக்கப் பரப்பிவிடும்.

இன்னொரு காரியமும் செய்தார். அதுவரை பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. அவர் அதை 22.225 மில்லிமீட்டராகக் குறைத்தார். ஏன் தெரியுமா? டார்க் என்பது உராய்வு விசையை ஆரத்தால் பெருக்கி வருவது. ஆரம் குறைந்தால் டார்க் குறையும். டார்க் குறைந்தால் கிண்ணத்தைக் கழற்றும் இழுப்பும் குறையும். எவ்வளவு சின்ன கணக்கு, எவ்வளவு பெரிய விஷயம்!

சுமார் 300 பேருக்கு டெஃப்லான் மூட்டு வைத்தார். வலி போனது. நடந்தார்கள். எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் இடி விழுந்தது. டெஃப்லான் தேய்ந்து போனது. தேய்ந்த தூள் உள்ளே புண்ணாக்கியது. மறுபடியும் ஊன்றுகோல், மறுபடியும் வலி.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் அந்த மனிதர் என் மனதில் நின்றுவிட்டார். பழியைத் தூக்கி கம்பெனி மேல் போடவில்லை. நோயாளி மேல் போடவில்லை. தான் வைத்த மூட்டுகளைத் தானே திறந்து எடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. டெஃப்லான் தூள் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதை வைத்துச் சோதித்தார்!

அடுத்த கட்டத்தை டிப்ளமோ மாணவர்கள் நாம் காலரைத் தூக்கிவிட்டுப் படிக்கலாம். விகன் நகரத்துக்குப் பக்கத்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி. ஒருகாலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்தது. அங்கேதான் சார்ன்லியின் பரிசோதனைக் கூடம். அதில் ஹாரி கிரேவன் என்று ஒரு டெக்னீஷியன். 1962-இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்தார். லங்காஷயர் தறிகளில் கியர் செய்யப் பயன்பட்ட பாலிஎத்திலீன் அது. சார்ன்லி அதில் நகத்தைப் பதித்துப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று போய்விட்டார். ஆனால் கிரேவன் தூக்கி எறியவில்லை. தேய்மானம் பார்க்கும் மெஷினில் மாட்டி ஓடவிட்டார். இரவும் பகலும் மூன்று வாரம் ஓடியது. டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை! பெரிய டாக்டர் வேண்டாம் என்றதை ஒரு டெக்னீஷியன் ஓட்டிப் பார்த்தார். அளவைப் பார்த்ததும் அந்தப் பெரிய டாக்டரும் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். யார் பெரியவர் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. மெஷின் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள்.

1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. ஆனால் பட்ட அடியை அவர் மறக்கவில்லை. சில வருடங்கள் பொறுத்திருந்து பார்த்தபிறகுதான் மற்ற டாக்டர்கள் பயன்படுத்த சம்மதித்தார். அதுவும் ரைட்டிங்டன் வந்து முறையைக் கற்றவர்களுக்குத்தான். ஆபரேஷன் அறைக் காற்றில் உள்ள கிருமிதான் சீழ் பிடிக்கக் காரணம் என்று சந்தேகப்பட்டு, வடிகட்டிய காற்று வரும் கண்ணாடிக் கூண்டு மாதிரி அறை அமைத்தார். இன்னும் சில முறைகளும் சேர, சீழ் பிடிப்பது 100-க்கு ஏழு, எட்டு என்று இருந்தது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இறந்தபிறகு மூட்டைத் திருப்பித் தரும்படி நோயாளிகளிடம் கேட்டார். எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று அளக்கத்தான்! அவர்களும் மனமுவந்து சம்மதித்தார்கள்.

ஆபரேஷன் வெற்றியா என்று அவர் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. வலிக்கு 6 மார்க், அசைவுக்கு 6 மார்க், நடைக்கு 6 மார்க். ஒரு பிரெஞ்சு டாக்டர் ஏற்படுத்திய மார்க் முறையை அவர் திருத்தி அமைத்தார். ஒரு இடுப்பு மட்டும் கெட்டவர், இரண்டும் கெட்டவர், வேறு நோயாலும் நடக்க முடியாதவர் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். நடைக்குத் தனி மார்க் என்பதைப் படித்ததும் எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது.

எங்க அப்பா பவர்லூம் தறி ஓட்டுபவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். போன வருடம் அப்பாவுக்கு வலது இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு கெட்டுப்போனது. அரசு ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றினார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் சம்மணம் போடக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது, தாழ்வான நாற்காலி கூடாது, தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. வலி போய்விட்டது. ஆனால் நடை வரவில்லை. இரண்டு மாதம் ஆகியும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். ஆபரேஷன் வீண் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். பட்டறையில் வாங்கிய முன்பணம் வேறு இருந்தது. படிப்பை நிறுத்திவிட்டு நான் தறிக்குப் போக வேண்டும் என்று பேச்சு வந்தது.

பிசியோதெரபி மேடம், கைத்தடியை இடது கையில் பிடிக்கச் சொன்னார். வலி வந்த கால் வலது, தடி எதற்கு இடதில் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. பேப்பரில் படம் போட்டுப் பார்த்தேன். அது நம் நெம்புகோல்தான்! வலது காலில் மட்டும் நிற்கும்போது இடுப்புப் பந்துதான் தாங்குபுள்ளி. உடல் எடை உட்பக்கம் நீண்ட கையில் தொங்குகிறது. வெளிப்பக்கத் தசை குட்டைக் கையில் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் ஒவ்வொரு அடியிலும் பந்தின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் விழுகிறது. பல மாதம் வலியில் சும்மா கிடந்த தசைக்கு அந்த பலம் இல்லை, அதனால்தான் சாய்வு. இடது கைத்தடி தூரத்திலிருந்து ஊன்றுவதால் லேசாக அழுத்தினாலே தசைக்குப் பாரம் பெரிதும் குறையும். மூட்டு கெடவில்லை, தசைதான் தேற வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டினேன்.

சார்ன்லியும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்! கிண்ணத்தை உள்பக்கம் தள்ளி வைத்து எடையின் கையைக் குறைத்தார். தசை பிடித்திருக்கும் எலும்பு முனையை வெட்டி, வெளிப்பக்கமாகத் தள்ளிக் கம்பியால் கட்டித் தசையின் கையை நீட்டினார். அந்த வெட்டும் முறை இன்று பொதுவாக இல்லை. கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பா தினமும் சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கிப் பயிற்சி செய்தார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு டீக்கடை வரை. சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஐந்தாவது மாதம் தடி இல்லாமல் நடந்தார். இப்போது நின்று தறி ஓட்டவில்லை. உட்கார்ந்து தார் சுற்றுகிறார். நான் ஐந்தாம் செமஸ்டருக்கு ஃபீஸ் கட்டினேன்.

சார்ன்லிக்கு 1974-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. 1975-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1977-இல் சர் பட்டம். 1982 ஆகஸ்ட் 5-ஆம் தேதி 70 வயதில் காலமானார். இன்று உலகம் முழுவதும் வருடத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இடுப்பு மூட்டுகள் மாற்றப்படுகின்றன. பெரும்பாலான கிண்ணங்கள் அந்தத் தறி கியர் பிளாஸ்டிக்கின் மேம்பட்ட வடிவம்தான்.

நண்பர்களே! நாளைக்கு நாம் எங்கேயோ ஒரு ஷாப் ஃப்ளோரில் நிற்போம். யாராவது ஒரு பொருளைக் காட்டி இது உதவாது என்பார்கள். உடனே தூக்கிப் போட வேண்டாம். ஒருமுறை மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்ப்போம். நாம் செய்தது உடைந்து போனால் நாமே திறந்து பார்ப்போம். அப்படிச் செய்தவர்களால்தான் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அப்பாக்கள் வலியில்லாமல் டீக்கடை வரை நடந்து போய் வருகிறார்கள்!