பத்திராதிபர் ராமானந்த சட்டர்ஜி

ரவீந்திரநாத தாகூரின் "கோரா" என்னும் நாவலைப் படித்த தமிழர் பலர் உண்டு. அந்நாவல் பிறப்பதற்கு ஒரு பத்திராதிபர் அனுப்பிய முந்நூறு ரூபாய் முன்பணம் காரணமாயிருந்தது என்பதை அறிந்தவர் சிலரே. இயன்றபோது ஒரு கதை எழுதித் தந்தால் போதுமென்று கேட்டு அப்பணத்தை அனுப்பியவர் பாபு ராமானந்த சட்டர்ஜி. கவிஞர் ஒரு சிறுகதையை எழுதிக் கொடுத்திருந்தாலும் கடன் தீர்ந்திருக்கும். அவர் கொடுத்ததோ, 1907-ஆம் ஆண்டு தொடங்கி 1910 வரையில் "பிரவாஸி"யில் மாதந்தோறும் வெளிவந்த ஒரு பெருநூல். கதை வந்துகொண்டிருக்கையில், 1907 நவம்பரில், தாகூரின் இளைய புதல்வன் சமீந்திரன் விஷபேதி கண்டு இறந்தான். அப்பொழுதும் தொடர்கதை தடைப்படவில்லை. கைநீட்டி வாங்கிய பணத்திற்கு நாணயம் காத்த கவிஞரைப் போற்றும்போது, எழுத்தாளனுடைய உழைப்புக்கு விலை உண்டென்று அந்நாளிலேயே உணர்ந்து நடந்த பத்திராதிபரையும் நினைப்பது முறையாகும்.

ராமானந்தர் கவியல்லர், கதாசிரியரல்லர், சித்திரக்காரருமல்லர். நாற்பதாண்டுகளுக்கு மேலாக வங்காளத்தின் கவிதையும் கதையும் சித்திரமும் அவர் கைவழியாகவே தேசத்தைச் சென்றடைந்தன.

அவர் 1865 மே 29-ந் தேதி பாங்குரா நகரில் பிறந்தார். செல்வக் குடும்பமன்று. உபகாரச் சம்பளங்களைக் கொண்டே கல்கத்தாவில் படித்து, 1888-ல் பி. ஏ. பரீட்சையில் ஆங்கிலத்தில் முதன்மையாகத் தேறினார். சீமைக்குச் சென்று படிக்க சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்தபோது அதை வேண்டாமென்று விட்டார். அக்காலத்துப் பட்டதாரிகளில் எத்தனை பேர் அவ்வாறு செய்திருப்பர்? பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, சிடி காலேஜில் ஆசிரியராயிருந்து, "தாஸி", "பிரதீப்" என்னும் இரண்டு பத்திரிகைகளில் தம் கையைப் பழக்கிக்கொண்டார். 1895-ல் அலகாபாத்திலுள்ள காயஸ்த பாடசாலையின் தலைமை ஆசிரியர் பதவி கிடைத்தது.

"பிரவாஸி" என்ற சொல்லுக்கு அயலூரில் வாழ்பவன் என்பது பொருள். வங்காளத்திற்கு வெளியே வாழும் வங்காளிகளுக்காக 1901-ல் அலகாபாத்தில் அவர் அப்பத்திரிகையைத் தொடங்கினார். சிந்தாமணி கோஷ் என்பவருடைய இந்தியன் பிரஸ் அதனை அச்சிட்டது. நமது நாட்டு மாதப் பத்திரிகைகளின் வழக்கம் நேயர்கள் அறியாததன்று. பங்குனி இதழ் வைகாசியில் வரும்; வராமலும் போகும். எழுதினவருக்கு ஆசிரியரின் வந்தனமே சன்மானம். ராமானந்தர் இவ்விரண்டையும் ஒழித்தார். குறித்த தேதியில் இதழ் வெளிவந்தது. எழுதினவருக்குப் பணம் சென்றது. இவை சில்லறைக் காரியங்கள் என்று நினைப்போர், பத்திரிகை நடத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். சந்தாதாரன் நம்பினாலன்றிச் சந்தா வராது. சந்தா வந்தாலன்றிப் பிரபுக்களின் தயவை நாடாமல் இருக்க முடியாது. அந்தத் தயவை நாடிய பத்திரிகை, அப்பிரபுவைப் பற்றியோ, அவர் அஞ்சும் அதிகாரியைப் பற்றியோ, ஒரு வரியும் துணிந்து எழுதாது.

பாடசாலை நிர்வாகிகளோடு கருத்து வேற்றுமை உண்டாக, 1906-ல் அவர் பதவியை விட்டார். மாதச் சம்பளம் போயிற்று. குடும்பஸ்தரான மற்றொருவர் வேறு உத்தியோகம் தேடியிருப்பார். அவரோ 1907 ஜனவரியில் "மாடர்ன் ரிவியூ" என்னும் ஆங்கில மாதப் பத்திரிகையையும் தொடங்கிவிட்டார். அதிலெழுதிய அரசியற் குறிப்புகள் ஐக்கிய மாகாண அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் கொடுத்த நெருக்கடியால் 1908-ல் அலகாபாத்தை விட்டுக் கல்கத்தா சென்று, கார்ன்வாலிஸ் வீதியில் குடியேறினார். அயலூர் வாழ்வோர்க்கென்று தொடங்கிய பத்திரிகை சொந்த ஊருக்குத் திரும்பிய கதை இதுதான்.

"மாடர்ன் ரிவியூ"வில் எழுதியவர்களின் பெயர்களைச் சொன்னால் அக்காலத் தேசசரித்திரத்தையே சொன்னதாகும். ஜதுநாத சர்க்கார் மொகலாய சரித்திர ஆராய்ச்சிகளை எழுதியதோடு, தாகூரின் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். சகோதரி நிவேதிதை மொழிபெயர்த்த "காபூலிவாலா" 1912 ஜனவரி இதழில் வந்தது. லண்டனில் ஆங்கிலக் "கீதாஞ்சலி" அச்சானது அவ்வருஷக் கடைசியில்; நோபல் பரிசு கிடைத்தது அதற்கும் மறுவருஷம். ஆகவே, வங்காளி அறியாத இந்தியருக்குத் தாகூரை அறிமுகம் செய்துவைத்தது ஐரோப்பா என்று சொல்லுவது பிழை.

சித்திர விஷயத்தை விரித்துச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் ராமானந்தருக்கு ரவிவர்மாவின் படங்களிலே பெருமதிப்பு இருந்தது. "மாடர்ன் ரிவியூ"வின் முதல் இதழிலேயே அவரைப் புகழ்ந்து எழுதினார். நிவேதிதை இதனை ஒப்பவில்லை. ஐரோப்பிய எண்ணெய்ச் சித்திர முறையில் புராண பாத்திரங்களைத் தீட்டுவது இந்தியக் கலையாகாது என்பது அவ்வம்மையாரின் கட்சி. வாதம் நெடுநாள் நடந்தது. முடிவில் ஆசிரியரின் மனம் மாறிற்று. அவனீந்திரநாத தாகூர், அவருடைய சீடர் நந்தலால் போஸ் முதலியோரின் சித்திரங்கள் இரு பத்திரிகைகளிலும் வர்ணத்தில் வெளிவரலாயின. அச்சித்திரங்களின் மெல்லிய நிறக் கலவை மூவர்ண அச்சில் கெடாமல் வரவேண்டுமானால் பிளாக் செய்வோன் கைதேர்ந்தவனாயிருக்கவேண்டும். அத்திறமை உபேந்திரகிசோர் ராய் சௌதுரியிடம் இருந்தது. அவர் தாமே ஆராய்ந்து ஹாப்டோன் முறையில் புதுமைகள் கண்டவர்; குழந்தைகளுக்குக் கதை எழுதியவருங்கூட.

அப்படங்களைக் கண்டு நகைத்தவர் பலர். நீண்ட விரல்களும் மங்கிய கண்களும் எந்த நாட்டு மனிதருக்கு உண்டென்று கேட்டார்கள். சுரேசசந்திர சமாஜபதியின் "ஸாகித்ய" பத்திரிகை அவற்றைத் தொடர்ந்து எள்ளியது. ராமானந்தர் படங்களை நிறுத்தவில்லை. அவற்றைத் தொகுத்துத் தனி ஆல்பங்களாகவும் வெளியிட்டார். சித்திரசாலை என்பதையே கண்டிராத ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் அப்பக்கங்களை வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டும் அளவுக்கு அவை பரவின. இவ்வாதத்தில் ரவிவர்மாவுக்கு முழு நியாயம் கிடைத்ததென்று நாம் சொல்லத் துணியோம். தம் படங்களை அச்சிட்டு ஏழையின் வீட்டுக்கும் கொண்டுபோகலாமென்று முதலில் செய்து காட்டியவர் அவரே. அந்த வழியில் நடந்துகொண்டே அவரைப் பழித்தார்கள்.

ராமானந்தரின் சுயேச்சைக்கு ஓர் உதாரணம். 1926-ல் சர்வதேச சங்கம் அவரை ஜினீவாவுக்கு அழைத்தது. பிரயாணச் செலவைத் தருவதாகவும் சொல்லிற்று. அவர் போனார், பணத்தை வாங்கவில்லை. அந்தச் சங்கத்தைப் பற்றித் தாம் நினைப்பதை எழுதவேண்டியவர், அதன் காசில் கப்பலேறக்கூடாதென்று கருதினார்.

இதைவிடக் கடுமையான சோதனை 1929-ல் வந்தது. ஜே. டி. சண்டர்லாண்டு என்ற அமெரிக்கப் பாதிரியார், இந்தியாவின் விடுதலையுரிமையை வற்புறுத்தி ஒரு நூல் எழுதினார். 1928-ல் ராமானந்தரே அதனைப் பிரசுரித்தார். மறுவருஷம் போலீஸார் காரியாலயத்தைச் சோதனையிட்டனர்; நூல் தடை செய்யப்பட்டது; அக்காலத்து 124-ஏ பிரிவின்படி ராஜத்துரோக வழக்கும் தொடரப்பட்டது. எழுதியவர் கடல் கடந்து எட்டாத தூரத்தில் இருந்தார். சட்டம் பிடித்தது பிரசுரித்தவரையும் அச்சிட்டவரையும். அச்சிட்டவர் என்று கூண்டிலேறிய சஜனீகாந்த தாஸ் வங்காளத்தில் பெயர்பெற்ற ஒரு கவிஞர் என்பது இதில் ஒரு விநோதம். இருவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. தம் எழுத்துக்காகத் தண்டனை பெற்ற பத்திராதிபர்கள் நம்மிடையே பலர். பிறர் எழுத்துக்காக, அதுவும் அந்நியர் ஒருவர் எழுத்துக்காக, அறுபத்துநான்காம் வயதில் கூண்டில் நின்றவர் எத்தனை பேர்?

அவருடைய அரசியலை நாம் முற்றிலும் ஒப்பவேண்டுவதில்லை. அதே 1929-ல் சூரத்தில் கூடிய ஹிந்து மகாசபைக்கு அவர் தலைமை வகித்தார். காங்கிரஸைப் பலமுறை கண்டித்தும் எழுதினார். ஆயினும் பத்திரிகையின் கதவைத் தம் கட்சிக்காரருக்கு மட்டும் திறந்துவைத்தாரில்லை. பண்டித ஜவஹர்லால் நேரு தம்மையே கடுமையாக விமரிசனம் செய்துகொண்டு, "சாணக்யன்" என்ற மாற்றுப்பெயரில் எழுதிய கட்டுரை 1937 நவம்பரில் வெளியானது "மாடர்ன் ரிவியூ"விலேதான்.

பெரியோர் எழுத்தை வாங்கிப் போடுவது எளிது. பெயரறியாதவனுடைய கையெழுத்துப் பிரதியைப் பிரித்துப் படிப்பதே அரிது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் முதற் சிறுகதை 1922-ல் "பிரவாஸி"யில் வந்தது. அவர்தாம் பின்னாளில் "பாதேர் பாஞ்சாலி" எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாயர். அவருடைய "ஆரண்யக்" நாவலும் பின்னர் அப்பத்திரிகையிலேயே தொடர்ந்து வெளிவந்தது. ராமானந்தரின் புதல்வியர் சாந்தா தேவி, சீதா தேவி இருவரும் கதாசிரியைகளாகப் பெயர் பெற்றார்கள். 1928-ல் அவர் தொடங்கிய "விசால் பாரத்" ஹிந்தி எழுத்தாளருக்கு இடமளித்தது. அதன் ஆசிரியப் பொறுப்பைப் பனாரஸிதாஸ் சதுர்வேதியிடம் ஒப்படைத்தார்.

தாகூரின் தொடர்பு கடைசிவரை நீடித்தது. "ஜீவன ஸ்மிருதி"யும், "முக்ததாரா", "ரக்தகரவீ" நாடகங்களும், "சேஷேர் கவிதா"வும் முதலில் "பிரவாஸி"யிலே வெளிவந்தவை. கவிஞருக்கு எழுபது வயது நிறைந்த 1931-ல், உலக அறிஞர்களின் பாராட்டுகளைத் திரட்டி ஒரு நினைவு மலரை ராமானந்தரே பதிப்பித்தார். 1941 ஆகஸ்டில் கவிஞர் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின், வங்காளம் பஞ்சத்தில் வாடிக்கொண்டிருந்த 1943 செப்டம்பர் 30-ந் தேதி, எழுபத்தெட்டாம் வயதில், ராமானந்தரும் கல்கத்தாவில் காலமானார். பத்திராதிபர் பொறுப்பை அவருடைய புதல்வர் கேதாரநாதர் ஏற்றார்.