பந்தாட்டம் கற்பித்த பள்ளி ஆசிரியர்

வெற்றியும் தோல்வியும் விளையாட்டில் இயல்பு என்று சொல்வது எளிது. ஆனால் திண்டிவனத்தில் எறிபந்துப் போட்டியில் தோற்றுவிட்டு, மாலைப் பேருந்தில் விழுப்புரம் திரும்பியபோது எங்களுக்கு அந்த எண்ணம் வரவில்லை. பந்தைத் தவறவிட்டவள் யார் என்றுதான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தோம். மறுநாள் விளையாட்டு வகுப்பில் எங்கள் ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. வேப்பமர நிழலில் உட்காரவைத்து ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சொன்னார். அதைப் பிறகு தேடிப் படித்து, இங்கே எழுதுகிறோம்.

இந்தியக் கால்பந்தின் சிற்பி என்று போற்றப்படும் சையத் அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் அணியில் சிறந்த ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். பட்டம் பெற்றபின் அவர் மேற்கொண்டது ஆசிரியப் பணி. பகலில் வகுப்பறை, மாலையில் மைதானம் என்று அவருடைய நாட்கள் சென்றன. உள்ளூரின் வலிமை மிக்க கமர் கிளப்புக்காக ஆடினார். உடற்பயிற்சிக் கல்வியும் கற்றுத் தேர்ந்தார். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இவ்வாறு ஆட்டக்காரராக இருந்தவர் படிப்படியாக ஆட்டத்தைக் கற்பிப்பவராக மாறினார்.

அவர் கற்பித்த முறை ஒரு நல்ல ஆசிரியரின் முறையாகவே இருந்தது. பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுகிற பழக்கத்தை மாற்ற, பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியுடன் தனிப் போட்டிகளை நடத்தினார். வலக்காலை மட்டுமே நம்பும் வீரர்களுக்காக, பழகாத காலால் மட்டும் உதைக்கும் போட்டிகளையும் ஏற்பாடு செய்தார். குறை எங்கே இருக்கிறதோ, அங்கேயே பயிற்சி!

1950இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணி அவருடைய பொறுப்பில் வந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை அந்த அணி வென்றது. 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், அவர் பயிற்றுவித்த இந்திய அணி ஈரானை ஒரு கோலில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்ற கணக்கில் இந்தியாவைத் தோற்கடித்தது. அந்தக் குளிர் நாட்டில் நம் வீரர்கள் பலர் காலணி இல்லாமல் ஆடினார்கள். இத்தகைய தோல்விக்குப் பின் யார்மீதாவது பழி சுமத்துவது எளிது. ரஹீமோ அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். வீரர்கள் காலணியுடன் ஆடப் பழகினார்கள். ஐரோப்பியரின் ஆட்ட முறைகளை அவர் ஆராய்ந்து கற்பித்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையைப் பெற்றது. அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலைப் போட்டது இந்தியா! முடிவில் 4-1 எனத் தோற்றாலும், நான்கே ஆண்டுகளில் நம் அணி எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை உலகம் கண்டது.

ஏழை மாணவர்களைக் கைதூக்கிவிடும் குணமும் அவருக்கு இருந்தது. செகந்திராபாத் அருகே சிற்றூரில் வாழ்ந்த துளசிதாஸ் பலராம் என்ற இளைஞருக்குப் பயிற்சிக்கு வந்துபோக வசதியில்லை. சைக்கிள் வாடகைக்குப் பணம் கொடுத்து அவரை வரவழைத்தார் ரஹீம். அந்த இளைஞரே பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை வீரர்களுள் ஒருவரானார். ஆனால் சொந்த மகனுக்கு அவர் சலுகை காட்டியதில்லை. மகன் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றிருந்தும், களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் வாழ்வின் சிகரம் 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றார்கள். தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் தலையில் ஆறு தையல்களுடன் இருந்தார். காயம்பட்ட தலையுடன் பின்வரிசையில் நிற்பது கடினம் என்று அவரை முன்வரிசைக்கு மாற்றினார் ரஹீம். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என வென்றபோது அவர் கோல் போட்டார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரணி மறுபடியும் தென் கொரியா. போட்டியில் இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இடம் மறுக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்ததால், அவ்வூர் மக்கள் இந்தியர்மீது கோபத்தில் இருந்தார்கள். மைதானம் நிறைந்த கூட்டம் நம் வீரர்களைக் கேலிசெய்து கூச்சலிட்டது. அங்கே நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. நம் நீலகிரியின் வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ், காய்ச்சலிலிருந்து மீண்டு கோலைக் காத்தார். முதல் 20 நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். 2-1 என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று.

ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11ஆம் நாள், ரஹீம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டதே 1985இல்தான். நெடுங்காலம் மறந்திருந்த அவர் கதையை, 2024இல் வெளியான 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் மீண்டும் பலர் அறியச் செய்தது.

தோழியரே, பத்துக் கோல் வாங்கிய அணி பத்தே ஆண்டுகளில் ஆசியாவை வென்றது. இடையில் நடந்தது பழிச்சொல் அன்று, பயிற்சி. எங்கள் அணியில் இடக்கையால் பந்தைப் பிடிக்கத் தடுமாறுகிறவர்கள் மூவர் உண்டு. மணியடித்த பிறகு அரைமணி நேரம், இடக்கையால் மட்டும் எறிந்து பிடிக்கிறோம். பந்து இன்னும் நழுவத்தான் செய்கிறது. ஆனால் யார் கையிலிருந்து நழுவியது என்று இப்போது நாங்கள் கேட்பதில்லை.