தாழைமர நிழலில் தந்தை தமியான்

நுழையும்முன்

ஒரு நொடியில் பொங்கியெழும் துணிவு பலருக்கும் வாய்ப்பதுண்டு. அத்துணிவை மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆண்டுக்கணக்கில் காத்துவருதல் மிக அரிது. பசிபிக் பெருங்கடலின் தீவொன்றில் தொழுநோயாளரோடு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களுள் ஒருவராகவே மறைந்தவர் தந்தை தமியான். அவருடைய துணிவு எங்கிருந்து ஊறியது, எவ்வாறு வற்றாது நின்றது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் அழைப்பும்

பெல்ஜிய நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் பிறந்தவர் யோசேப்பு தெ வெய்ஸ்டர். உழவும் தானிய வணிகமும் செய்துவந்த குடும்பத்தின் ஏழாம் பிள்ளை அவர். உடல்வலிமையும் ஊக்கமும் மிக்க இம்மகன் தம் வணிகத்தை ஏற்று நடத்துவான் எனத் தந்தையார் எண்ணியிருந்தார். யோசேப்பின் உள்ளமோ அண்ணன் சேர்ந்திருந்த துறவற சபையையே நாடியது. 1859இல் லூவென் நகரில் அச்சபையில் சேர்ந்து, தமியான் என்னும் துறவுப்பெயரை ஏற்றார்.

குருவாவதற்கு அந்நாளில் இலத்தீன் மொழியறிவு இன்றியமையாததாக இருந்தது. தமியானுக்கோ அம்மொழி தெரியாது. ஆகவே குருத்துவப் பயிற்சி பெறாத சகோதரராகவே அவர் சேர்க்கப்பட்டார். அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. அண்ணனிடம் அம்மொழியை முயன்று கற்றார். அவருடைய முன்னேற்றத்தைக் கண்ட சபையார் குருத்துவப் பயிற்சிக்கு இசைவளித்தனர். பதினாறாம் நூற்றாண்டில் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் படத்தின்முன் நின்று, தம்மையும் தொலைநாட்டுப் பணிக்கு அனுப்புமாறு இறைவனை நாள்தோறும் வேண்டிவந்தார்.

அவ்வேண்டுதல் எதிர்பாராத வழியில் நிறைவேறியது. ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்த அண்ணன் கடுங்காய்ச்சலால் படுக்கையில் வீழ்ந்தார். அவருக்குப் பதிலாகத் தாம் செல்ல இசைவு வேண்டிச் சபையின் தலைவருக்குத் தமியான் நேராகவே கடிதம் எழுதினார், இசைவும் கிடைத்தது. நான்கு திங்களுக்கும் மேலான கடற்பயணத்தின் முடிவில் 1864ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டு மே மாதத்திலேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஒன்பது ஆண்டுகள், எரிமலைகள் நிறைந்த ஹவாய்ப் பெருந்தீவில் மக்களின் மொழியைக் கற்று, மலைப்பாதைகளில் ஊர்ஊராகச் சென்று, தம் கைகளாலேயே சிற்றாலயங்களைக் கட்டிப் பணியாற்றினார்.

கைவிடப்பட்டோர் தீவு

அக்காலத்தில் ஹவாய் மக்களிடையே தொழுநோய் வேகமாகப் பரவியது. நோய்க்குக் காரணமும் தெரியவில்லை, மருந்தும் இல்லை. 1865இல் ஐந்தாம் கமேஹமேஹா மன்னரின் அரசு, நோயுற்றோரைத் தனிமைப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு முதல் நோயாளர் மொலோக்காய்த் தீவின் வடகரையில் உள்ள நிலமுனைக்கு அனுப்பப்பட்டனர். அதன் மூன்று பக்கங்களில் கொந்தளிக்கும் கடல். நான்காம் பக்கத்தில் சுவர்போல் நிமிர்ந்த மலைச்சரிவு. அவ்விடம் இயற்கையே கட்டிய சிறைச்சாலை போன்றது.

தாயிடமிருந்து குழந்தையும் மனைவியிடமிருந்து கணவனும் பிரிக்கப்பட்டனர். சென்றவர் திரும்பியதில்லை. நோயாளர் தாமே பயிரிட்டு உண்டு வாழ்வர் என அரசு எண்ணியது. விரல்கள் மழுங்கியோர் மண்ணை எவ்வாறு கொத்துவர் என்பதை அது எண்ணிப்பார்க்கவில்லை. நல்ல வீடில்லை, போதிய நீரில்லை, அங்கேயே தங்கிக் காக்கும் மருத்துவரில்லை. அவ்விடத்தில் சட்டமே இல்லை எனப் பேசத் தொடங்கிய மக்கள், வலியார் எளியாரை வருத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். இறந்தோர் பலர் பெட்டியின்றிக் குழியில் இடப்பட்டனர். நோய் உடலை அரித்தது. கைவிடப்பட்டோம் என்னும் எண்ணம் உள்ளத்தை அரித்தது.

1873ஆம் ஆண்டு மே மாதம், இம்மக்களுக்கென ஒரு குரு வேண்டும் என்னும் பேச்சு ஆயர்முன் எழுந்தது. அங்குச் செல்வது உயிரை ஒப்படைப்பதற்கு நிகர் என்பதால் யாரையும் கட்டளையிட்டு அனுப்ப ஆயர் விரும்பவில்லை. நான்கு குருக்கள் முறைவைத்துச் செல்ல முன்வந்தனர். அவர்களுள் முதலில் சென்றவர் தமியான். மே 10ஆம் நாள் அங்கு இறங்கிய அவருக்கு அப்போது அகவை முப்பத்து மூன்று. தங்குவதற்கு வீடில்லாமையால், சிற்றாலயத்தின் அருகில் நின்ற தாழைமரத்தின் அடியிலேயே முதற்சில இரவுகளைக் கழித்தார். சில வாரங்களுக்கென வந்தவர், அங்கேயே நிலைத்துவிட இசைவு வேண்டினார்.

தொடுதல் என்னும் தொண்டு

நோயாளரைத் தொடலாகாது என்பதே அனைவரும் தந்த அறிவுரை. தொடக்கத்தில் தமியானும் தயங்கினார். குடிசைகளுள் நிறைந்திருந்த புண்ணின் நாற்றம் அவரை வெளியே ஓடச்செய்தது. அதனைத் தாங்கிக்கொள்ளப் புகைபிடிக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். எனினும் எட்ட நின்று அன்பு செலுத்த இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களுடைய கலத்திலிருந்தே உணவை எடுத்து உண்டார். மறையுரை ஆற்றும்போது தம்மையும் தொழுநோயாளருள் ஒருவராகவே சேர்த்துப் பேசினார்.

உழவர் குடும்பத்தில் உரம்பெற்ற கைகள் அங்குப் பெரிதும் பயன்பட்டன. அரசிடமிருந்து குழாய்களைப் பெற்று, உடல்வலிமை எஞ்சியிருந்த நோயாளரின் துணையோடு ஊருக்கு நீரைக் கொண்டுவந்தார். மரவீடுகளை எழுப்பினார், ஆலயத்தை விரிவுபடுத்தினார், பெற்றோரில்லாச் சிறார்க்கு இல்லம் அமைத்தார். இறந்தோர்க்குப் பெட்டி செய்தவரும் அவரே. குழி தோண்டியவரும் அவரே. இசைக்குழுவொன்று தோன்றியது, விழாக்கள் நடந்தன. சாவுக்காகக் காத்திருந்தோர் மீண்டும் வாழத் தலைப்பட்டனர்.

தமியான் குறையே இல்லாதவர் அல்லர். முன்கோபமும் பிடிவாதமும் அவரிடம் இருந்தன. மரப்பலகைக்காகவும் துணிக்காகவும் மருந்துக்காகவும் நலவாரியத்தாரோடும் தம் மேலாளரோடும் ஓயாது வழக்காடினார். உதவும்படி கேட்டுக்கேட்டு அவர்களைச் சலிப்படையச் செய்தார். ஆனால் அவர் கேட்டவற்றுள் தமக்கெனக் கேட்டவை மிகச் சில.

துணிவின் ஊற்று

நாள்தோறும் சாவைக் கண்டும் தளராத ஊக்கத்தை அவர் எங்கிருந்து பெற்றார்? அவர்தம் கடிதங்களே இதற்கு விடை கூறுகின்றன. விடியலில் இறைவேண்டல், அடுத்துத் திருப்பலி, அதன்பின் நோயாளரின் இல்லங்களை நாடிச் செல்லல் என அவருடைய நாள் தொடங்கியது. மாலையில் கல்லறைத் தோட்டத்தில் உலவியவாறு செபமாலை சொல்வார். நற்கருணையில் கிறித்து தம்மோடு இருக்கிறார் என்னும் நம்பிக்கை இல்லையேல் அவ்வாழ்வைத் தம்மால் தாங்கியிருக்க இயலாது என்பதை அவர் மறைக்கவில்லை. தொழுநோயாளரைத் தொட்டு நலமாக்கிய இயேசுவின் செயலே அவருக்கு வழிகாட்டியாயிற்று. அவருடைய நம்பிக்கை அச்சத்தை முற்றிலும் அகற்றிவிடவில்லை. அச்சத்தோடும் அன்றைய கடமையைச் செய்து முடிக்கும் வலிமையை அவருக்கு அளித்தது. நாளைய துணிவை அவர் இன்றே தேடவில்லை; அதனை நாளைய விடியலில் வேண்டிப் பெற்றார்.

தனிமையே அவருக்கு நேர்ந்த பெருந்துன்பம். பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற அவருக்கு மற்றொரு குரு தேவைப்பட்டார். ஒருமுறை அவருடைய மேலாளர் வந்த கப்பல் கரைக்கு அப்பால் நின்றது. மேலாளர் இறங்கவும் தமியான் ஏறவும் தடை இருந்தது. சிறுபடகில் கப்பலருகே சென்ற தமியான், மேல்தளத்தில் நின்ற மேலாளரை அண்ணாந்து நோக்கி, தம் குறைகளை உரத்த குரலில் அறிக்கையிட்டார். மன்னிப்பின் ஆறுதலைப் பெறுவதற்கு மானத்தையும் அவர் பொருட்படுத்தவில்லை.

நோயாளருள் ஒருவர்

1884ஆம் ஆண்டு திசம்பர் மாதம் ஒருநாள், களைத்த கால்களை நீரில் வைத்தார். காலில் கொப்புளம் எழுந்தபோதுதான் அந்நீர் கொதிநீர் என அறிந்தார். வலி தெரியவில்லை, உணர்வு மறைந்திருந்தது. தொழுநோய் அவரையும் பற்றிவிட்டதை மருத்துவர் உறுதிசெய்தனர். மறையுரையில் பல ஆண்டுகளாக அவர் கூறிவந்தது இப்போது உண்மையாயிற்று.

இதன்பின் அவர் மேலும் விரைந்து உழைத்தார். மனச்சோர்வு அவரை வாட்டிய நாள்களும் உண்டு. அந்நாள்களிலும் விடியல் வேண்டலைக் கைவிடவில்லை. 1886இல் அமெரிக்கரான யோசேப்பு டட்டன் வந்து அவருக்குக் கைகொடுத்தார். 1888இல் அன்னை மரியான் கோப் தம் துறவுச் சகோதரியரோடு வந்து சேர்ந்தார். தமக்குப்பின் இம்மக்களைக் காப்பவர் உண்டு என்னும் அமைதியோடு, 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தமியான் கண்மூடினார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தொன்பது. முதல் இரவில் தமக்கு நிழல் தந்த தாழைமரத்தின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வாழும் புகழ்

அவர் மறைந்த பின்னர் அவரை இழித்துரைத்தோரும் உண்டு. புதையல் தீவு என்னும் புதினத்தின் ஆசிரியர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அத்தீவுக்கே சென்று எட்டு நாள் தங்கி, நோயாளரிடம் கேட்டறிந்தார். தமியானின் குறைகளை மறைக்காமலே அவர்தம் பெருமையை நிலைநாட்டும் திறந்த மடலொன்றை 1890இல் வெளியிட்டார். ஸ்டீவன்சன் கத்தோலிக்கர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை தமியானைப் புனிதராக அறிவித்தது.

தமியான் மொலோக்காய்க்குச் சென்ற 1873ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் தொழுநோய்க்குரிய நுண்கிருமியைக் கண்டறிந்தார். இன்று அந்நோய் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகிறது. மக்களுள் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு எனவும் அறிந்துள்ளோம். மருந்து கிடைத்துவிட்டது; நோயுற்றோரை ஒதுக்கும் மனப்பான்மை மட்டும் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. அதனை நீக்க வேண்டியவர் மருத்துவர் மட்டும் அல்லர்.

தமியானின் உடல் 1936இல் பெல்ஜியத்திற்கு எடுத்துச்செல்லப்பட்டது. அவரைப் பிரிய மனமில்லாத மொலோக்காய் மக்களின் ஏக்கம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப்பின் ஓரளவு தணிந்தது. 1995இல் அவருடைய வலக்கையின் எலும்புகள் மட்டும் அத்தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, பழைய கல்லறையிலேயே வைக்கப்பட்டன. யாரும் தொடத் துணியாதோரைப் பதினாறு ஆண்டுகள் தொட்டுத் துடைத்த கை, அம்மக்களின் மண்ணிலேயே இன்றும் உறங்குகிறது.