தாயைக் காண வந்த மகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் விடுதி வாயிலில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் கச்சிராயபாளையம் வழியாக வரும் பேருந்தில் பெற்றோர் வந்து இறங்குவர். கையில் ஒரு துணிப்பை. அதில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கோ, வீட்டில் சுட்ட முறுக்கோ, சிறு புட்டியில் மலைத்தேனோ இருக்கும். கரும்பு வெட்டியோ சாமைக் கொல்லையில் களை பறித்தோ காய்த்துப்போன கை அது. நாமோ, தோழியர் யாரேனும் பார்த்துவிடப் போகிறார்களே என்ற கூச்சத்தில் பையை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி அவர்களை அவசரமாக அனுப்பி வைக்கிறோம்.

நம்மில் ஒருத்தி சென்ற ஆண்டு அப்படித்தான் செய்தாள். அன்றிரவு பையைத் திறந்தாள். அவள் கேட்டிருந்த கணக்கு நோட்டு இருந்தது. தாயார் அதற்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, சீட்டும் ஒட்டியிருந்தார். சீட்டில் பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது. அன்றிரவு அவள் வெகுநேரம் உறங்கவில்லை.

அவளுக்காகவும் நமக்காகவும் இந்த ஆண்டு மலரில் ஒரு மகளின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனத்திற்கு, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்காகக் கடல் கடந்து வந்த மகள் அவர். கள்ளக்குறிச்சியிலிருந்து திண்டிவனம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவர் கடந்து வந்ததோ பல்லாயிரம் கிலோமீட்டர். அவர்தாம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடாவின் குடும்பம் மருத்துவத்தையும் மறைப்பணியையும் ஒருங்கே மேற்கொண்ட குடும்பம். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு யாழ்ப்பாணம் சேர்ந்தார்; பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் இந்நாட்டிலேயே உழைத்தனர். இளைய மகனின் பெயரும் ஜான், அவரும் மருத்துவர். அவருக்கும் சோஃபியா அம்மையாருக்கும் கடைக்குட்டியாக, அண்ணன்மார்களுக்குத் தங்கையாக, 1870 டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தாள்.

அவளுடைய குழந்தைப் பருவத்தில்தான் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் வைத்திருந்தது அதைத்தான். எலும்பும் தோலுமாக வந்து நின்ற பிள்ளைகளுக்குச் சிறுமி ஐடா தன் கையால் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தாள். உண்ணக்கூட வலுவற்று விழுந்து கிடந்த பிள்ளைகளையும் கண்டாள். அந்தக் காட்சி அவள் நெஞ்சில் அச்சமாகவே தங்கிவிட்டது. இந்த நாட்டில் நாம் வாழப்போவதில்லை என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை.

பஞ்சத்திற்குப் பின் குடும்பம் ஓய்வுக்காக அமெரிக்கா சென்று, நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பண்ணையில் சில ஆண்டுகள் வாழ்ந்தது. தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. ஆனால் அது நீடிக்கவில்லை. இந்தியாவில் பணி காத்திருந்ததால் முதலில் தந்தை புறப்பட்டார். பின்பு தாயும் புறப்பட்டார். ஐடாவை உறவினர் வீட்டில், சிகாகோ நகரில் விட்டுச் செல்ல நேர்ந்தது. தாய் போன அந்த இரவில் அவள் அழுத அழுகையை அவள் வரலாற்றை எழுதியோர் தவறாமல் குறித்திருக்கின்றனர். விடுதியில் முதல் நாள் இரவு போர்வைக்குள் முகம் புதைத்து அழுத நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

நமக்காவது ஞாயிறு தோறும் பெற்றோர் வருவர். தொலைபேசியில் குரலைக் கேட்கலாம். அவளுக்கு வாய்த்தவை கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து வந்த கடிதங்கள் மட்டுமே. கடிதத்தில் தாயின் தலை நரைத்தது தெரியாது. தந்தையின் நடை தளர்ந்தது தெரியாது. பிரிந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் பெற்றோர் என்றும் இளமையாகவே இருப்பர். இது நம் எல்லோருக்கும் நேரும் மயக்கம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதுதான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்வதைக் கண்டு திடுக்கிடுகிறோம்.

ஐடா மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். துடிப்பும் குறும்பும் நிறைந்த பெண். இந்தியா அவள் கனவில் இல்லை. அமெரிக்காவிலேயே நல்வாழ்வு வாழ வேண்டும் என்பதே அவள் ஆசை. அந்நிலையில், 1890ஆம் ஆண்டில், தாய் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி திண்டிவனத்திலிருந்து வந்தது. ஐடாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எந்த நாட்டுக்குத் திரும்பக் கூடாது என்று எண்ணியிருந்தாளோ அந்த நாட்டுக்கே கப்பலேறினாள். பணி செய்யும் நோக்கம் எதுவும் அவளிடம் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அம்மா குணமானதும் திரும்பிவிட வேண்டும். அவ்வளவே!

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அடுத்து வரும் இரவைப் பற்றியே பேசுவர். நாமோ அதற்கு முந்திய நாள்களை நினைத்துப் பார்க்க விரும்புகிறோம். படுத்திருக்கும் தாய்க்குத் தலைவாரி விடுதல், கஞ்சி ஆற்றிக் கொடுத்தல், தந்தை வெளியூர் போய்த் திரும்பும் வரை விளக்கோடு காத்திருத்தல் ஆகிய இவையே ஒரு நோயாளியின் மகளுக்கு உரிய வேலைகள். இவற்றுக்குப் பரிசு இல்லை, பாராட்டு இல்லை. ஆயினும் எத்தனையோ ஆண்டுகளாகக் கடிதத்தில் மட்டும் கண்ட தாயை அருகில் அமர்ந்து பார்க்கும் பேறு அந்த வேலைகளில்தான் இருந்தது. அந்தத் திண்டிவனத்து வீட்டில் அவள் மகளாக இராவிட்டால், பின் வந்த இரவில் அந்த வீட்டுக் கதவைத் திறக்க அவள் அங்கே இருந்திருக்க மாட்டாள்.

அந்த இரவு வந்தது. பிராமண இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிள்ளைப் பேற்று வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா வந்து உதவ வேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, தன் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்க வழக்கம் இடங்கொடாது என்று அவர் துயரத்தோடு திரும்பிப் போனார். அடுத்து ஓர் இஸ்லாமியர் வந்தார்; பின்னர் மற்றோர் இந்து வந்தார். மூவருக்கும் அதே துன்பம். மூவரும் சொன்னது அதே மறுப்பு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். பெண் மருத்துவர் ஒருவர் இல்லாத ஒரே காரணத்தால் மூன்று உயிர்கள் போயின. ஏறத்தாழத் தன் வயதையொத்த பெண்களின் சாவு ஐடாவை உலுக்கிவிட்டது. தனிமையில் இறைவனிடம் மன்றாடினாள். பின்பு பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போவதாகச் சொன்னாள்.

பெற்றோரின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. முதுமை நெருங்கும் வேளையில், நெடுங்காலம் பிரிந்திருந்த ஒரே மகள் இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளை மீண்டும் அனுப்பி வைக்க அவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! ஆயினும் தடுக்கவில்லை. நம் கல்வராயன் மலைக் கிராமங்களில், வீட்டு வேலைக்கும் கொல்லை வேலைக்கும் ஆள் இல்லாத நிலையிலும், நம்மை விடுதிக்கு அனுப்பிவிட்டுத் தாமே சுமையைத் தூக்கும் அப்பாவும் அம்மாவும் அதே தியாகத்தைத்தான் சத்தமின்றிச் செய்கின்றனர்.

1895இல் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐடா, பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன், வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக ஷெல் என்னும் செல்வரிடமிருந்து பத்தாயிரம் டாலர் நன்கொடை கிடைத்தது. மறைந்த தம் மனைவியின் நினைவாக அவர் கொடுத்த தொகை அது. 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூரில் பெற்றோரின் இல்லத்தை அடைந்தார். தந்தையிடம் உதவியாளராக இருந்து தொழிலை நன்கு கற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஆசை நிறைவேறவில்லை. தந்தையார் புற்றுநோயால் அவ்வாண்டு மே மாதமே காலமானார். நான்கைந்து ஆண்டுகள் கடலுக்கு அப்பால் படித்துவிட்டு வந்த மகளுக்குத் தந்தையோடு கிடைத்தவை சில மாதங்களே. சென்ற காலத்தை யாரால் திருப்பிக் கொண்டுவர இயலும்? அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று நாம் தள்ளிப் போட்டு வைத்திருக்கும் கேள்விகள் எத்தனை! விடுமுறையில் கேட்டுக்கொள்ளலாம், தேர்வு முடியட்டும் என்று ஒத்தி வைக்கிறோம். ஐடாவின் வாழ்வில் இந்த ஏடு நமக்கு ஓர் எச்சரிக்கை.

அவர் துயரத்தில் மூழ்கிவிடவில்லை. வீட்டிலேயே ஒரு சிற்றறையில், ஒரே ஒரு கட்டிலோடு, மருத்துவப் பணியைத் தொடங்கினார். இளம்பெண்ணை நம்பி முதலில் வரத் தயங்கிய மக்கள் பின்னர் திரண்டு வந்தனர். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார். 1902இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மருத்துவமனைக்கு வர இயலாதோரைத் தேடி, ஒரு சிறு பெஜோ காரில் சாலையோரச் சிற்றூர்களுக்கு அவரே சென்றார். மரத்தடிகளே அவருடைய மருத்துவ நிலையங்கள் ஆயின.

இத்தனை ஓட்டத்திற்கும் இடையில் அவர் திரும்பி வரும் வீட்டில் ஒருவர் இருந்தார். அவர்தாம் சோஃபியா அம்மையார்! கணவரை இழந்த பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வேலூரில் மகளோடு வாழ்ந்தார். நோயுற்ற தாயைச் சில மாதம் பார்த்துக்கொள்ள வந்த மகள், அந்தத் தாயின் நிறைந்த முதுமை வரை உடன் இருந்தார். தாயும் அங்கே ஒரு சுமையாக இல்லை. களைத்து வரும் பிள்ளைக்கு, நாள் எப்படிப் போயிற்று என்று கேட்க ஒருவர் வீட்டில் இருப்பது சிறிய செய்தியா? நம் ஆயா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டே, சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு எந்த மருந்துக் கடையிலும் ஈடு கிடையாது.

1918ஆம் ஆண்டு ஐடா பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று பேராவது விண்ணப்பிப்பார்களா என்று ஐயுற்றோர் இருந்த காலத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அந்தப் பள்ளியே வளர்ந்து 1942இல் பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. 1947 முதல் ஆண்களும் அங்கே படிக்கின்றனர். 1946இல் ஓய்வு பெற்ற ஐடா, கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதத்தில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பெற்ற பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் உருவாக்கிய மருத்துவர்களும் செவிலியர்களும் நாடெங்கும் பரவி நின்றனர்.

இன்றும் நம் ஊரிலிருந்து திருவண்ணாமலை வழியாக வேலூருக்கு நோயாளிகளை அழைத்துச் செல்கிறோம். முதிய தந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். 2022ஆம் ஆண்டில் நம் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கி வந்து இந்தப் பள்ளியில் படிக்கும் நம் தங்கையரில் ஒருத்தி நாளை அங்கே வெள்ளை அங்கி அணிந்து நிற்கலாம். ஆனால் அந்த நாள் வரும் வரை பெற்றோரைப் போற்றாமல் காத்திருக்க வேண்டுமா என்பதே நம் கேள்வி.

பெற்றோரைப் போற்றும்படி பத்துக் கட்டளைகளில் நான்காவது நம்மைப் பணிக்கிறது. மருத்துவமனை கட்டித்தான் அதை நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை. அப்பா கொல்லையிலிருந்து வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கலாம். தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைக்கலாம். ஆயா நூறாவது முறையாகச் சொல்லும் பழங்கதையை முதன்முறை கேட்பதுபோல் கேட்கலாம். அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கேழ்வரகு அடை வேகும் மணத்தோடு அன்றைய கதையைப் பேசலாம். இவை சிறிய இன்பங்கள்தாம். ஆயினும் இவற்றை இழந்தோரைக் கேட்டால், வாழ்க்கையில் பெரியவை இவையே என்பர்.

கணக்கு நோட்டு வாங்கிய நம் தோழியைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அடுத்த ஞாயிறு அவள் தாயை வாயிலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, தோழியர் அனைவருக்கும் இவர்தாம் என் அம்மா என்று காட்டினாள். பின்பு மரத்தடியில் அமர்ந்து, தாயின் கையைப் பிடித்து, அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயரை எழுதப் பழக்கினாள். எழுத்துகள் கோணல் மாணலாகத்தான் வந்தன. அன்று கடைசி பஸ் போய்விடும் என்று முதலில் சொன்னவர் தாய்தான், மகள் அல்ல.