நெய்யூர் மருத்துவரும் நம் சோற்றுத் தட்டும்

நாகர்கோவில் பக்கம் உள்ளவர்களுக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. 100 ஆண்டுகளுக்கு முன் அங்கு வந்து தங்கிய ஓர் அறுவை மருத்துவரின் வாழ்க்கையில், வயலில் நெல்லும் விளையில் மரச்சீனியும் வைக்கும் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். காலணித் தொழில் செய்த வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்து மருத்துவரானார். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்ட வீரர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். மலையேற்றத்திலும் வல்லவர். 1922-இல் எவரெஸ்ட் சென்ற பிரிட்டிஷ் குழுவில் இடம்பெற்றார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சிக்கி 7 சுமைதூக்குவோர் இறந்தனர்.

பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தவர், நெய்யூருக்கும் வந்தார். நோயாளிகள் கூட்டமாகக் காத்திருக்க, ஒரே ஓர் அறுவை மருத்துவர் ஓய்வின்றித் திணறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த சோமர்வெல், லண்டனில் கிடைக்கவிருந்த நல்ல பதவியை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அன்றைய தென் திருவிதாங்கூரில் இருந்த இந்தச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் ஏறி, ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,500 மீட்டர் உயரத்தைத் தொட்டார். பிறகு நேராக நெய்யூருக்கே திரும்பினார்.

இங்கு அவர் கத்தி வைத்த நோய்களில் முக்கியமானது குடல்புண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட முடியாமல் மெலிந்து வந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் ஏழைகள். இவ்வளவு பேருக்கு இந்த நோய் இங்கு மட்டும் ஏன் என்ற கேள்வி அவரைத் தொந்தரவு செய்தது. மக்களின் சாப்பாட்டின் மீது அவருக்குச் சந்தேகம் வந்தது. மரச்சீனியும் காரமும் மிகுந்து, சத்துப் பொருள்கள் குறைந்த உணவு அது.

அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளை வைத்துச் சோதனை நடத்தினார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவைத் தின்ற எலிகளுக்குப் புண் வந்தது. முழுக்கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவைத் தின்றவை நலமாக இருந்தன.

கொழுப்பில் இருந்த விடை

பின்னாளில் மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பிராங்க் டோவியும் அவருடன் இருந்தவர்களும் இன்னும் ஆழமாகப் பார்த்தனர். காணம் போன்ற தானியங்களில் குடலைக் காக்கும் பொருள், அவற்றில் உள்ள சிறிதளவு கொழுப்பில்தான் இருக்கிறது என்று எலிச் சோதனைகளில் கண்டனர். புதிய தவிட்டு எண்ணெய் காத்தது. நாள்பட்டுக் கெட்ட அரிசியின் எண்ணெயோ புண்ணைத் தூண்டியது.

இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தைக் கேளுங்கள். லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை நம் உடலால் தயாரிக்க முடியாது. உணவில் இருந்துதான் வர வேண்டும். வயிற்றின் உள்சுவரைக் காக்கும் பொருள்களை உடல் இதில் இருந்து உண்டாக்கிக்கொள்கிறது. நல்லெண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் இது நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. மரச்சீனியிலோ கொழுப்பே 1 சதவீதத்துக்கும் கீழ்தான்.

குடல்புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்பது 1980-களில் தெரியவந்தது. ஆகவே உணவு மட்டுமே மருந்தாகாது. வயிற்று வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், குடல்புண் என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும். அன்று சோமர்வெல் கத்தியெடுக்க வேண்டியிருந்த பலருக்கு இன்று கத்தி தேவைப்படாது.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டுச் செலவுக்கு நெல் அரைக்கும்போது அதிகம் தீட்ட வேண்டாம். தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. தீட்டத் தீட்ட அது மில்லிலேயே போய்விடும். தீட்டிய அரிசியையும் தவிட்டையும் மாதக்கணக்கில் வைக்காமல், தேவைக்கு அவ்வப்போது அரையுங்கள். பச்சை நெல்லின் தவிடு சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். புழுங்கல் நெல்லின் தவிடு சற்றுத் தாங்கும். சிக்கல் வாடை அடித்தால் மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

மரச்சீனியை விட வேண்டியதில்லை. அரிசி கிடைக்காத காலத்தில் நம்மைக் காப்பாற்றிய பயிர் அது. ஆனால் தனியாகத் தின்னாமல், சாளைக் கறியோ காணத் துவையலோ சேர்த்துக்கொள்ளுங்கள். விளையில் ஓரிரு சென்ட் காணம் விதைத்தால் வீட்டுக்குப் போதும்.

நெய்யூரில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த சோமர்வெல், 1949 முதல் 1961 வரை வேலூர் சிஎம்சியில் மாணவர்களுக்கு அறுவை கற்றுக்கொடுத்தார். 1975-இல் இங்கிலாந்தில் காலமானார். உலகின் உச்சியை நெருங்கிப் பார்த்த மனிதர், நம் ஊர் ஏழையின் சோற்றுத் தட்டையும் உற்றுப் பார்த்தார். இன்று சாப்பிட உட்காரும்போது உங்கள் தட்டை நீங்களும் ஒரு முறை பாருங்கள்.