மணலில் எழுதிப் படித்த இருவர்

பிள்ளைகளே, கோல்டிங் நகரத்தின் நடுவில் ஏரிக்கரையில் நிற்கும் கோல்டிங்ஹூஸ் கோட்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டென்மார்க் அரசர்கள் வந்து தங்கிய கோட்டை அது. நாலாம் பிரெடெரிக் என்ற அரசர் 1711ஆம் ஆண்டில் அங்கே வந்திருக்கிறார். அந்த அரசருக்கும் நாங்கள் வீட்டில் கதைக்கிற தமிழுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. என்ன தொடர்பு? சொல்கிறேன், கேளுங்கோ.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் தரங்கம்பாடி என்ற ஊர் டென்மார்க்கின் கையில் இருந்தது. தஞ்சாவூர் நாயக்க மன்னரிடம் அனுமதி வாங்கி, 1620இல் டேனிஷ்காரர் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். வியாபாரம் செய்யத்தான் போனார்கள். மிளகும் துணியும் வாங்கினார்கள். அங்கே கிறிஸ்தவ சமயத்தைச் சொல்ல ஆட்களை அனுப்ப வேண்டும் என்று பிரெடெரிக் அரசர் விரும்பினார். ஆனால் அவ்வளவு தூரம் போக டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஜெர்மனியில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் பெயர் சீகன்பால்க். வயது 23. புல்ஸ்நிட்ஸ் என்ற சின்ன ஊரில் 1682இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் அவருடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். அக்காதான் வளர்த்தார். அடிக்கடி வருத்தம் வருகிற உடம்பு வேறு. மற்றவர் பெயர் புளூட்சௌ. அவர் சில வயது மூத்தவர்.

1705 நவம்பர் 29ஆம் தேதி இருவரும் கொப்பன்ஹேகனில் 'சோபியா ஹெட்விக்' என்ற பாய்மரக் கப்பலில் ஏறினார்கள். இப்போது விமானத்தில் ஏறினால் அடுத்த நாளே சென்னையில் இறங்கிவிடலாம். அப்போது சூயஸ் கால்வாய் கூட இல்லை. ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்றித்தான் போக வேண்டும். வட கடலின் குளிர், பிறகு வெயில், பிறகு புயல். ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் இருந்த கேப் துறைமுகத்தில் கப்பல் நின்றது. அங்கே மலையையும், அந்த நாட்டு மக்களையும் பார்த்தார்கள். மறுபடியும் கடல். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடி வந்தது. ஏழு மாதத்துக்கு மேல்! வரைபடத்தில் விரலால் இந்த வழியைக் கோடு போட்டுப் பாருங்கோ, கை நோகும்.

வந்த இடத்தில் வரவேற்பு இல்லை. கோட்டைத் தளபதிக்கு இவர்களைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இவர்கள் இடைஞ்சல் என்று நினைத்தார்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மொழி. துறைமுகத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் போர்த்துக்கீசம் தெரியும். ஊருக்குள் போனால் தமிழ்தான். தமிழ் படிக்க ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகமும் அவர்களிடம் இல்லை. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார்கள். பக்கத்தில் இந்த இரண்டு பெரிய மனிதர்களும் உட்கார்ந்து எழுதினார்கள். உங்களுக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதினீர்களே, அதே மாதிரி.

எழுத்து வந்தது. ஆனால் பொருள் தெரியவில்லை, வாத்தியாருக்கு இவர்கள் மொழி தெரியாதே! பிறகு பல மொழி தெரிந்த அழகப்பன் என்பவர் உதவிக்கு வந்தார். புளூட்சௌ போர்த்துக்கீசத்தில் கவனம் வைத்தார். சீகன்பால்க் தமிழிலேயே மூழ்கிவிட்டார். ஒரு புலவரையும் ஒரு எழுத்தரையும் வைத்துக்கொண்டு தினமும் பல மணி நேரம் ஓலைச்சுவடி படித்தார். சில மாதங்களில் தமிழ் கதைத்தார். நான் ஆறு வருடம் தமிழ் வகுப்புக்குப் போயும் எனக்கு 'ழ' ஒழுங்காக வரவில்லை, அது வேறு கதை.

இந்த ஊரில் படிக்க என்ன இருக்கப் போகிறது என்ற எண்ணத்தோடு வந்தவர் அவர். படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறிவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்தார். நீங்கள் படிக்கிற கொன்றைவேந்தனையும், உலகநீதியையும் 1708இலேயே ஜெர்மன் மொழியில் எழுதினார். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதி 1713இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மாற்றத்தானே அனுப்பினோம், இவர் படித்துக்கொண்டு இருக்கிறாரே என்று நினைத்தார்கள் போலும். அது அச்சாக 150 வருடத்துக்கு மேல் ஆயிற்று!

இதற்கு நடுவில், 1708 கடைசியில், ஒரு ஏழை விதவைக்காக நியாயம் கேட்கப் போய், சீகன்பால்க் அதே தளபதியிடம் மாட்டிக்கொண்டார். நாலு மாதம் கோட்டைக்குள்ளே சிறை. வெளியே புளூட்சௌ தனியாக இருந்தார். 1711இல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனார். பிறகு கோல்டிங்குக்குத் தெற்கே, ஹோல்ஸ்டைனில் ஒரு சிற்றூரில் பாதிரியாராக இருந்தார். தரங்கம்பாடிக்கு அவர் மறுபடி வரவில்லை.

சீகன்பால்க் அங்கேயே இருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் கப்பலில் வந்தன. எழுத்துகள் மிகவும் பெரியவை. அதனால் காகிதம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். கணினியில் தமிழ் எழுத்துரு பெட்டிக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம் வரும். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

ஆனால் அந்த வருடம் சீகன்பால்க் ஊரில் இல்லை. 1714இல் மறுபடி கப்பல் ஏறினார். இந்த முறை கூட வந்தவர் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். கப்பலிலும் வேலை நிற்கவில்லை. மலையப்பன் தமிழில் உதவி செய்ய, இவர் எழுதினார். நோர்வேயில் பெர்கன் துறைமுகத்தில் இறங்கினார்கள். பிரெடெரிக் அரசர் அப்போது ஸ்ட்ரால்சுண்ட் நகரத்தை முற்றுகை போட்டுக்கொண்டிருந்தார். சீகன்பால்க் போர்முனைக்கே போய் அரசரைப் பார்த்தார். கொப்பன்ஹேகன், ஹாலே, லண்டன் என்று பயணம் நீண்டது. 300 வருடத்துக்கு முன்னால், பனியில், ஒரு தமிழ்ப் பெடியன் இந்த நாடுகளில் நடந்திருக்கிறான்! மலையப்பன் என்ன நினைத்திருப்பான்? யோசித்துப் பாருங்கோ.

சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. அதே வருடம், மனைவி மரியா டொரோத்தேயாவுடன் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். 1718இல் தரங்கம்பாடியில் புது எருசலேம் தேவாலயத்தைக் கட்டி முடித்தார். அடுத்த வருடம், 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, நோயால் இறந்தார். வயது 36 மட்டும்தான். அந்தத் தேவாலயத்தின் உள்ளேதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. தேவாலயமும் கோட்டையும் இன்னும் கடற்கரையில் நிற்கின்றன. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் தேவாலயத்தின் முகப்பை நிமிர்ந்து பாருங்கோ. கோல்டிங்ஹூஸில் தங்கிய அதே அரசரின் பெயர்ச் சின்னம், மேலே கிரீடத்தோடு இருக்கும்.